மேட்டில் முனகும் சைக்கிள்: சத்தத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு விடியற்காலையில் சைக்கிள் மிதித்து ஏறியவர்களுக்கு அந்தப் பாதையின் அமைதி தெரியும். முதல் பஸ் வரும்வரை நம் மூச்சுச் சத்தம், செயின் ஓடும் சத்தம், எங்கோ ஒரு பறவை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிளுக்குள்ளிருந்து ‘க்ரிக்... க்ரிக்...’ என்று கேட்க ஆரம்பித்தால் பத்து கிலோமீட்டருக்குள் மனசு முழுக்க அந்தச் சத்தம்தான் இருக்கும். காட்சியும் தெரியாது, காற்றும் தெரியாது.

இதே சைக்கிள் சமவெளியில் சத்தமே இல்லாமல் ஓடும். மேட்டில்தான் முனகும். மேட்டில் நாம் பெடலை அழுத்தும் விசை அதிகம், ஹேண்டிலை இழுக்கும் விசையும் அதிகம். அந்த அழுத்தத்தில் இரண்டு பாகங்கள் சேரும் ஏதோ ஓர் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகர்கிறது. இடையில் கிரீஸ் இருந்தால் சத்தமில்லாமல் நகரும். கிரீஸ் காய்ந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்திருந்தால் ஒட்டிக்கொண்டு நின்று சட்டென்று வழுக்கும். பழைய கதவுக் கீல் முனகுவதும் இப்படித்தான்.

நீலகிரியில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஜூனிலிருந்து ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. மழையில்லாத நாளிலும் மூடுபனி இறங்கி, வெளியே நிறுத்திய சைக்கிளை நனைத்துவிடும். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் சேறாக இருக்கும்போது எல்லா இடுக்கிலும் ஏறும், காய்ந்ததும் மாவு மாதிரி உள்ளேயே தங்கும்.

காது சொல்லும் இடத்தை நம்பாதீர்கள்

வேறு எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் ஃபிரேம் உள்ளே வெறும் குழாய். இரும்புக் கட்டிலின் காலில் தட்டினால் தலைமாட்டில் கேட்பது போல, ஓரிடத்துச் சத்தம் குழாய் வழியாக ஓடி வேறிடத்தில் கேட்கும்.

எனக்கு ஒருமுறை அரவேணு தாண்டி மேலே ஏறும்போதெல்லாம் வலது காலுக்கு நேர் கீழே ‘டிக்’ என்று கேட்டது. பி.பி. போய்விட்டது என்று நினைத்தேன். (பெடலைப் பிடித்திருக்கும் கைதான் கிராங்க். அது சுற்றும் அச்சும் பேரிங்கும் உள்ள பகுதியைத்தான் கடைகளில் பி.பி. என்பார்கள்.) கடையில் கொடுத்தேன், அவர்களும் அப்படியே நினைத்துப் புது பி.பி. போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அதே ‘டிக்’.

பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “சுவத்துல சாய்ச்சுக்கோ தம்பி. ரெண்டு பிரேக்கையும் புடிச்சுக்கிட்டு வலது பெடல்ல ஏறி நில்லு” என்றார். நான் அழுத்த அழுத்த அவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்தார். பி.பி., சீட்டுக் குழாய், பின்சக்கர அச்சு. கடைசியில் பின்பக்க கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியத் துண்டில் விரலை வைத்ததும் நிறுத்தினார். “இப்ப நீ வந்து கைய வை” என்று சொல்லிவிட்டு அவர் பெடலை அழுத்தினார். காதுக்கு பி.பி.யில் கேட்ட அதே ‘டிக்’, என் ஆள்காட்டி விரலில் சின்னத் துடிப்பாகத் தட்டியது. கழற்றிப் பார்த்தால் ஃபிரேமில் அது உட்காரும் இடத்தில் கறுப்பாக ஒரு பூச்சு, ஓரத்தில் வெள்ளைத் தூள். துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி முடுக்கினார். அதோடு சத்தம் போனது.

ஆகவே முறை இதுதான்: காதை வைத்து எப்போது கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள், விரலை வைத்து எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். நான்கு இடத்தை ஒரேயடியாகக் கழற்றி மாட்டினால் சத்தம் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மழைக்குப் பின் மறுபடி நான்கையும் கழற்ற வேண்டும்.

கையில் வேண்டியவை

4, 5, 6, 8 எம்.எம். ஆலன் கீ, 15 எம்.எம். ஸ்பேனர் (பெடலுக்கும் அச்சு நட்டுக்கும்), ஒரு டப்பா கிரீஸ், செயின் ஆயில், மண்ணெண்ணெய், பழைய பனியன் துணி, பழைய டூத் பிரஷ். பி.பி., ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) கழற்ற அவற்றுக்கென்று தனி டூல் உண்டு. இல்லாவிட்டால் அந்த வேலையைக் கடையில் விடலாம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கீழே கோயம்புத்தூரில் சிலர் செயினுக்கு விடுவார்கள், ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குன்னூரில் காலை நேரத்து பாட்டில் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். உறைந்த எண்ணெய் இடுக்கில் போகாது, மேலே தங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். துருவை இளக்கும் ஸ்ப்ரேயும் கிரீஸுக்கு மாற்று அல்ல. அடித்தவுடன் சத்தம் நிற்கும், ஆனால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸையும் கரைத்துவிடும். ஒரு வாரத்தில் சத்தம் இன்னும் பலமாகத் திரும்பி வரும்.

முதல் படி: சைக்கிளில் இல்லாத சத்தம்

சிரிக்க வேண்டாம், இதில்தான் ஆரம்பிக்க வேண்டும். பாக்கெட்டில் சாவிக்கொத்து, பையின் கொக்கி, கிராங்கில் தட்டும் ஷூ லேஸின் நுனி, தண்ணீர் பாட்டிலுக்கும் அதன் கூண்டுக்கும் இடையே உரசல், கேரியர் நட்டு, மட்கார்ட் கம்பி. பையைக் கழற்றி, பாட்டிலை எடுத்துவிட்டு ஒருமுறை மேடு ஏறிப் பாருங்கள்.

இரண்டாம் படி: எப்போது கேட்கிறது?

சிறிய மேடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வண்டி அதிகம் வராத இடமாக. 200 மீட்டர் போதும். அதே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறிக் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

மிதிப்பதை நிறுத்தி உருள விட்டாலும் சத்தம் வருகிறதா? வந்தால் சக்கரம், ஸ்போக்ஸ், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பிரேக் பக்கம் தேடுங்கள். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடல், கிராங்க், பி.பி., செயின், சீட், பின்சக்கர இணைப்பு.

உட்கார்ந்து மிதித்தால் வருகிறது, நின்று மிதித்தால் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் சீட்டும், அதைத் தாங்கும் கம்பியான சீட் பில்லரும்தான். நின்று மிதித்தால் அதிகமாகிறது என்றால் ஹேண்டில் பக்கம். ஓடாமல் நிற்கும்போதே முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை மாறி மாறி இழுத்து அமுக்கிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் தேடல் அங்கேயே சுருங்கிவிடும்.

ஒரு சுற்றுக்கு ஒரு சத்தமா? வலது கால் அழுத்தும்போதா, இடது கால் அழுத்தும்போதா? ஒரு காலை எடுத்துவிட்டு மறுகாலால் மட்டும் நாலு மிதி மிதித்துப் பாருங்கள்.

இங்கே மலைப்பாதையில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. செங்குத்தான மேட்டில் சிறிய கியருக்கு வந்துவிடுவோம். முன்னால் 32 பல், பின்னால் 32 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். அப்போது சக்கரத்தில் வரும் சத்தமும் பெடலில் வரும் சத்தமும் ஒரே தாளத்தில் கேட்கும். அதனால் இந்தச் சோதனையைக் கொஞ்சம் சமமான இடத்தில், இரண்டு மூன்று கியர் மாற்றிச் செய்யுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று. வித்தியாசம் உடனே தெரியும். பெடல் இரண்டரை, மூன்று சுற்று சுற்றினால் ஒருமுறை ‘டக்’ என்று வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 112 கண்ணிச் செயின் 44 பல்லில் ஒருமுறை முழுதாக ஓடிவர அவ்வளவு சுற்று ஆகும்.

சீட்டும் சீட் பில்லரும்

நான் பார்த்தவரை மழைக்காலத்துக்குப் பிறகு வரும் முனகலில் இது அதிகம். எளிதான வேலையும்கூட, அதனால் முதலில் செய்யுங்கள்.

பில்லர் குழாயோடு சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்பைத் தளர்த்திப் பில்லரை உருவுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: கறுத்த மண், சில நேரம் தண்ணீர். தண்ணீர் இருந்தால் சைக்கிளை ஓர் இரவு தலைகீழாக நிறுத்தி வையுங்கள், வடிந்து காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் குழாயின் உட்புறம், பில்லரின் வெளிப்புறம், கிளாம்பின் உட்புறம் மூன்றையும் துடையுங்கள். காய்ந்ததும் பில்லரில் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவிச் செருகுங்கள். பில்லரில் பொறித்திருக்கும் கடைசிக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது.

பில்லரோ ஃபிரேமோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, வழுக்கி இறங்கும். கார்பனுக்கென்று மணல் மாதிரி நெருநெருக்கும் பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் தடவ வேண்டும்.

அப்புறம் சீட்டின் அடியில் இரண்டு கம்பிகளைப் பிடித்திருக்கும் கவ்வி. போல்ட்டைக் கழற்றி, கவ்வும் பரப்பைத் துடைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள். ஸ்பிரிங் வைத்த பழைய அகல சீட் என்றால் ஸ்பிரிங்கின் இரு முனையிலும் ஒரு சொட்டு ஆயில்.

பெடல்

பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். பலருக்கும் இதிலேயே பிரச்சினை முடிந்துவிடும். கழற்றும்போது கவனிக்க வேண்டியது, இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். குழப்பமே வேண்டாம்: ஸ்பேனரை மேலே நிற்கிற மாதிரி மாட்டி, அதன் மேல் நுனியைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். மூன்று நான்கு மரை கையாலேயே சுலபமாகப் போக வேண்டும். தடுத்தால் சாய்வாக ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே ஸ்பேனரைப் போட்டு முடுக்கினால் அலுமினிய கிராங்கின் மரை போய்விடும், கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? பெடலுக்குச் சுமார் 35 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒரு கணக்கு: 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 18 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. பல பேர் இதைவிடக் குறைவாகத்தான் முடுக்குகிறார்கள். ஆனால் ஹேண்டில் போல்ட்டுக்குப் பலவற்றில் 5, 6 நியூட்டன் மீட்டர்தான். 7 செ.மீ. ஆலன் கீயில் சுமார் ஏழு கிலோ அழுத்தம். அங்கே பெடல் பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும்.

கிராங்க்

இரண்டு கிராங்கையும் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு கிராங்க் மட்டும் ஆடினால் அது அச்சில் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் பி.பி.யில்தான் ஆட்டம். சதுர அச்சில் உட்காரும் அலுமினிய கிராங்க் என்றால் போல்ட்டைக் கழற்றி, கிராங்கை இழுக்கும் டூலால் எடுத்து, சதுரத்தின் நான்கு முகத்தையும் துடைத்துத் திரும்ப மாட்டி முடுக்குங்கள். 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. தளர்ந்த கிராங்கோடு நாலு நாள் மேடு ஏறினால் சதுர ஓட்டை உருண்டையாகிவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. இந்தச் சத்தத்தை மட்டும் ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள்.

நம் ஊர்களில் பால் கேனோடும் காய்கறி மூட்டையோடும் இன்னும் ஓடுகிற பழைய இரும்புச் சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிடிக்கக் காட்டர் பின் இருக்கும். ஆப்பு மாதிரி சரிந்த முகம் உள்ள பின். ஒவ்வொரு மிதிக்கும் ‘கடக்’ என்று காலில் தட்டு உணர்ந்தால் அந்தப் பின்தான். பலரும் செய்யும் தவறு, நட்டை முடுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பது. நட்டால் அது முடியாது, மரைதான் போகும். கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் கட்டையையோ கனமான குழாயையோ நிறுத்தித் தாங்கல் கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி உட்கார வைத்த பிறகுதான் நட்டு. தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுதும் பி.பி. குண்டுகளில் இறங்கிக் கப்பில் குழி விழும். பின்னின் சரிந்த முகத்தில் படி மாதிரித் தேய்மானம் தெரிந்தால் புதுப் பின் போடுங்கள். பல அளவு உண்டு, பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் மாட்ட வேண்டும். ஒரே திசையில் மாட்டினால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது.

பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்திருக்கும் நான்கோ ஐந்தோ சின்ன போல்ட்டுகளையும் மறக்காதீர்கள். ஒன்று காய்ந்திருந்தாலும் அசல் பி.பி. சத்தம் மாதிரியே கேட்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தடவி மாட்டினால் போதும்.

பி.பி.

இதுவரை சொன்னதையெல்லாம் பார்த்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். இன்னொரு கையைச் சீட்டுக் குழாயின் மேல் வைத்திருங்கள். பேரிங்கில் மண் இருந்தால் நறநறவென்று குழாயிலேயே உள்ளங்கைக்குத் தெரியும். சீராகச் சுற்றினால் பேரிங்கில் குற்றமில்லை, ஆனால் கப்புக்கும் ஃபிரேமுக்கும் இடையிலுள்ள மரை காய்ந்திருக்கலாம். கழற்றி இரண்டு மரையையும் டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தாராளமாக கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பி.எஸ்.ஏ. என்ற மரை வகை உள்ள ஃபிரேம்களில் செயின் பக்கக் கப்பின் மரை எதிர்ப்பக்கம். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

பழைய வகையில் கப், அச்சு, குண்டு தனித்தனி. கூண்டில்லாமல் போட்டால் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11. முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது குண்டில் ஒன்றிரண்டு கறுத்தோ சொரசொரப்பாகவோ இருந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள், விலை பெரிதல்ல.

பின்சக்கரம் சேரும் இடம்

கியர் சைக்கிள் என்றால் முன்பு சொன்ன அந்த அலுமினியத் துண்டு. சக்கரத்தை எடுத்துவிட்டு, அதைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவைக் கழற்றி, இரு பரப்பையும் துடைத்து, விரல் நுனியில் எடுத்த கிரீஸைத் தேய்த்து மாட்டுங்கள். பத்து நிமிட வேலை. அச்சு ஃபிரேமில் உட்காரும் இரு முகத்தையும் துடைத்து அங்கேயும் லேசாக கிரீஸ். நெம்புகோல் வைத்த அச்சு என்றால் அதை மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். இரவல் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் தளர்ந்திருக்கும், சத்தத்தைவிட ஆபத்து பெரிது. டிஸ்க் பிரேக் என்றால் கிரீஸ் பட்ட விரல் டிஸ்கில் படவே கூடாது.

ஸ்போக்ஸ், ஹேண்டில், செயின்

ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ‘டிங்’ என்று வந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்கிடும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் விட்டுத் துடையுங்கள். தொளதொளவென்று இருந்தால் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு. ஆட்டம் தெரிந்தால், புது வகைகளில் முதலில் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டை ஆட்டம் போகும் வரை முடுக்கி, பிறகு பக்க போல்ட்டுகளை முடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் சரியாகாது. செயினில் இறுகிய கண்ணியைக் கண்டுபிடித்து, பக்கவாட்டில் மெதுவாக வளைத்து இளக்கி ஆயில் விடுங்கள்.

இறக்கத்தில் பிரேக் கத்துவது வேறு கதை. ரிம்மையும் கட்டையையும் துடைத்துப் பாருங்கள். அதற்கு ஆயில் விடுகிறேன் என்று யாராவது வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

எதிலுமே போகவில்லை என்றால்

ஃபிரேமைக் கழுவித் துடைத்து, வெயிலில் நிறுத்தி, பற்றவைப்பு இடங்களைக் கிட்டத்தில் பாருங்கள்: பி.பி.யைச் சுற்றி, ஹேண்டில் குழாயின் அடியில், சீட் கிளாம்புக்குக் கீழே, பின் அச்சின் இரு பக்கமும். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் துருக்கசிவு, நகத்தை இழுத்தால் தட்டுகிற விளிம்பு. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறோம் என்று வையுங்கள், ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக பிரேக் பிடிக்கும் விசையில் பெரும்பகுதி முன்பக்கக் குழாய் மேல்தான். விரிசல் விட்ட சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோங்கள், உருட்டிக்கொண்டு போவதென்றாலும் சரி, ஏறி உட்கார வேண்டாம்.

விரிசல் இல்லை, சத்தம் போய்விட்டது என்றால், நேராக இறக்கத்துக்குப் போகாமல் முதலில் அதே 200 மீட்டர் மேட்டில் ஏறுங்கள். பிறகு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கிராங்க் போல்ட்டையும் பெடலையும் ஒருமுறை மறுபடி முடுக்கிப் பாருங்கள். சுத்தம் செய்து மாட்டிய கிராங்க் முதல் சவாரியில் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும், அதனால் போல்ட்டில் கால் சுற்று இடம் கிடைக்கும்.